கடல் திருப்பிக் கொடுத்த கல்

கடல் என் கல்லை விழுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் விழுங்கியது. முதலில் கைவண்டியின் சக்கரம், அப்புறம் அச்சு, அப்புறம் சாக்குச் சுற்றிய கல்லின் ஓரம்.

நானும் சாகுல் அண்ணனும் இடுப்பளவுத் தண்ணீரில் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கரையில் இருந்தவர்கள் கையை வீசி வீசிக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு ஓடத் தோன்றவில்லை. குற்றாலத்து மெயின் அருவிக்குக் கீழே கம்பியைப் பிடித்து நிற்கிற மாதிரி, தலையைக் குனிந்து, காலை அகட்டி நின்றோம். தண்ணீர் வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நிற்கத் தெரியும். நீந்தத் தெரியாது.

"ஏலே மாரி, இது நிக்குமால?" என்று சாகுல் அண்ணன் கேட்டார்.

"எனக்கென்னண்ணே தெரியும்? நீங்கதான் இந்த ஊர்ல பழந்தின்னு கொட்ட போட்டவரு."

"நான் கடைக்குள்ளயேல்லா கெடந்தேன்! கடலை எங்கல பாத்தேன்?"

கல் என்றால் பரோட்டாக் கல். இரும்புதான். ஆனாலும் கல் என்றுதான் சொல்வோம். தென்காசியில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தது. வட்டமானது, நல்ல கனம். இரண்டு பேர் சேர்ந்தால் அசைக்கலாம். தூக்க நாலு பேர் வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, டார் எஸ் சலாமில் இறங்கி, அங்கிருந்து மரப்படகில் சான்சிபாருக்கு வந்து சேர்ந்திருந்தது. வந்த அன்றைக்கே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் செங்கோட்டை ரோட்டில் பரோட்டா மாஸ்டராக இருந்ததையும், ரோட்டை அகலப்படுத்தியபோது நான் வேலை பார்த்த கடை போனதையும், கடையநல்லூர் சாகுல் அண்ணன் கூப்பிட்டு ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே கடலில் இருக்கிற அந்தத் தீவில் போய் இறங்கியதையும் முன்னமே எழுதிவிட்டேன். அதைப் படிக்காத பிள்ளைகளுக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

குழலி கேட்டது

இந்த வாரம் அந்த ஊர்க் காக்காய்களைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். குழலி கெடுத்துவிட்டாள்.

இப்போது குற்றாலத்தில் சீசன். சாரல் விழுகிறது, கூட்டம் வருகிறது, குளித்து முடித்தவர்களுக்குப் பசி எடுக்கிறது. காலையிலிருந்து மாவு பிசைந்து வீசி வீசி என் வலது தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. முன்பெல்லாம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இப்போது தூங்கி எழுந்தால்தான் வலி தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன் என் மூத்த மகள் குழலி தோளில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். தேய்த்தபடியே கேட்டாள்.

"எப்பா, நான் பொறக்கும்போது நீ எங்கன இருந்தே?"

"சான்சிபார்ல."

"அது தெரியும்லா. சான்சிபார்ல எங்கன?"

"கல்லுக்கு முன்னாடி."

"ஏன் வரல?"

அடுப்படியிலிருந்து உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். உலகம்மாள் என் மனைவி. "நல்லாக் கேளுட்டி. எனக்கும் தெரியணும்" என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைத் திரும்பக் கேட்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

ஏன் வரவில்லை என்றால், கல் வந்துவிட்டது. அதனால் நான் வரவில்லை. இதை ஒரே வரியில் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. அந்த ஒரு நாளை முழுசாகச் சொல்ல வேண்டும்.

கல்லால் கட்டிய ஊர்

முதலில் ஊரைச் சொல்கிறேன். அந்தத் தீவின் துறைமுக ஊருக்கு ஸ்டோன் டவுன் என்று பெயர். கடலில் கிடக்கிற பவளக் கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு பூசிக் கட்டிய ஊர். வீடுகள் ஒன்றோடு ஒன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் சந்து. ஒரு சைக்கிள் வந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு பெரிய மரக்கதவு. கதவு முழுக்கப் பூவும் கொடியும் செதுக்கி, கைப்பிடி அளவுக்குப் பித்தளைக் குமிழ்கள் அடித்திருப்பார்கள். யானை முட்டாமல் இருப்பதற்காக இந்தியாவில் அப்படிச் செய்வார்கள், அதைப் பார்த்து இங்கேயும் வந்துவிட்டது என்று சாகுல் அண்ணன் சொன்னார்.

"இங்க யானை ஏதுண்ணே?"

"யானை இல்லாட்டி என்னல? கதவு நல்லாருக்குல்லா?"

அந்தச் சந்துகளில் நான் எத்தனை தரம் வழி தப்பினேன் என்று கணக்கே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பூனை, ஒரு பள்ளிவாசல், ஒரு கதவு. கடைசியில் மூக்கை வைத்துத்தான் வழி கண்டுபிடிப்பேன். துறைமுகம் இருக்கிற பக்கமிருந்து கிராம்பு வாசம் வரும். அந்தத் தீவில் கிராம்புதான் பிழைப்பு. மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறும். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் பாய் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள்.

அந்த வாசம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கிராம்பும் ஜாதிக்காயும் கூறு கட்டி விற்பார்களே, அதே வாசம். கண்ணை மூடினால் ஈரத்துண்டும் எண்ணெய்க் கடையும் தெரியும். கண்ணைத் திறந்தால் கறுத்த பித்தளைக் குமிழ் தெரியும்.

அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் அங்கே மனிதர்களைப் பிடித்து வந்து விலை பேசி விற்றிருக்கிறார்கள். அந்தச் சந்தை இருந்த இடத்தில் இப்போது ஒரு சர்ச் நிற்கிறது. பக்கத்தில் ஒரு குழி. குழிக்குள் கழுத்தில் சங்கிலி போட்ட மனிதர்களைக் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். கிராம்புத் தோட்டங்களில் வேலை செய்ததும் அப்படிப் பிடித்து வந்தவர்கள்தானாம். ஒரு லீவு நாளில் நானும் சாகுல் அண்ணனும் போய்ப் பார்த்தோம். நான் டிக்கெட் எடுத்து, விசா வாங்கி, என் காலால் நடந்து போனவன். அவர்கள் பட்டதோடு என் கஷ்டத்தைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் அதற்கப்புறம் கிராம்பு வாசம் வந்தால் எனக்குக் குற்றாலம் மட்டும் ஞாபகம் வருவதில்லை.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பாஷையில் 'போலே' என்று ஒரு சொல் இருக்கிறது. களைத்துப்போய் வருகிறவனிடம், கால் இடறியவனிடம், வீட்டில் சாவு விழுந்தவனிடம், யாரிடமும் சொல்வார்கள். பாவம்ப்பா, கஷ்டந்தான், எனக்குத் தெரியுது என்று எல்லாம் சேர்ந்த ஒரு சொல். வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்தால் முன்பின் தெரியாத ஒரு கிழவர் 'போலே' என்பார். மூட்டை கொஞ்சம் கனம் குறைந்த மாதிரி இருக்கும்.

முதலாளி சொன்னது

எங்கள் முதலாளி அங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா குஜராத்திலிருந்து போனவராம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்ன ஹோட்டல். நோன்பு மாதம் வந்தால் சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு அந்த ஊரே கடற்கரையில் சாப்பிடும். அப்போது நம்மூர்ப் பரோட்டாவைப் போட்டால் கூட்டம் அள்ளும் என்று சாகுல் அண்ணன் அவர் காதில் ஓதி, என்னை வரவழைத்திருந்தார்.

ஆள் போய்ச் சேர்ந்துவிட்டேன், கல் வந்து சேரவில்லை. சும்மா இருக்க முடியுமா? அங்கேயே ஒரு தகடு வெட்டி அடுப்பில் ஏற்றினோம். சூடு ஏறியதும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. சப்பாத்திச் சட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டால் ஒரு மேசைக்குக் கொடுப்பதற்குள் அடுத்த மேசைக்காரர் எழுந்து போய்விடுவார். அதனால் நான் வாரக்கணக்கில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். முதல் நோன்பு சாயங்காலம் கல் அடுப்பில் இருந்தால் நான் இருக்கலாம், இரண்டு வருஷத்துக்கு வேலை உறுதி. இல்லையென்றால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போய்விட வேண்டியது. வெங்காயம் உரிக்க அவருக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது.

அப்போது உலகம்மாளுக்கு எட்டாம் மாதம். வயிற்றுக்குள் இருந்தது குழலி. சீமந்தம் முடிந்த கையோடு கிளம்பி வந்தவன் நான். கல் வந்தால் இரண்டு வருஷம். வராவிட்டால் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் வேலை கிடையாது, போகிறதுக்குக் கடையும் கிடையாது.

கல் வந்த அன்றைக்கு அமாவாசை கழிந்திருந்தது. சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு.

தெளிந்த தண்ணீர்

அந்தத் துறைமுகத்தில் கடல் ஒரு இடத்தில் நிற்காது. ஒரு நேரம் கரைச்சுவரை வந்து இடிக்கும். இன்னொரு நேரம் எங்கேயோ போய்விடும். படகுகள் எல்லாம் ஈர மணலில் சாய்ந்து படுத்துக் கிடக்கும். அப்போதுதான் சரக்கு இறக்குவார்கள்.

நாங்கள் போனது முற்பகலில். கடல் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. படகுக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கல்லை இறக்கி, ஜுமாவின் கைவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். ஜுமா எங்கள் ஹோட்டலுக்குக் கரி கொண்டுவருகிறவர். என் வயதுதான். வண்டி பாதித் தூரம் வந்ததும் சக்கரம் ஈர மணலில் புதைந்துவிட்டது.

படகுக்காரர்கள் வண்டியோடு சேர்த்துத் தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள். தோளைக் கொடுக்கத் தயாராக நின்றார்கள். ஜுமாவும் கடலைக் காட்டி, "மாஜி! மாஜி!" என்றார். மாஜி என்றால் தண்ணீர்.

நானும் சாகுல் அண்ணனும் திரும்பிப் பார்த்தோம்.

குற்றாலத்துக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சின்ன வயசிலிருந்தே ஒரு பாடம் உண்டு. ஆபத்தான தண்ணீர் சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் நிறம் மாறும், செம்மண் கலந்து பழுப்பாகும். சருகும் குச்சியும் வரும். மலைக்கு மேலே இரைச்சல் கேட்கும். உடனே விசில் ஊதுவார்கள், நாம் வெளியே ஓடி வந்துவிட வேண்டும். தண்ணீர் தெளிவாக இருந்தால் பயம் இல்லை.

அன்றைக்கு அந்தக் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கிற சிப்பி தெரிந்தது. ஒரு இரைச்சல் இல்லை. மணலில் ஒரு விரல் உயரத்துக்கு மெல்லப் படர்ந்து வந்துகொண்டிருந்தது.

"தெளிஞ்சுதாண்ணே கெடக்கு" என்றேன்.

"சத்தத்தையும் காணும்" என்றார் சாகுல் அண்ணன். "இவனுவளும் காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. தின்னுட்டு வரட்டும்ல. நாளையிலேர்ந்து நோன்புல்லா."

அவர்கள் பாஷையில் அவரே சொன்னார், அவசரமில்லை, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று. படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லுக்குச் சொந்தக்காரர்களே சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? போய்விட்டார்கள். ஜுமா மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கப் பலகை எடுத்து வர ஓடினார்.

நாங்கள் வண்டி நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பையில் சுக்குக் காப்பி குடித்தோம். பித்தளைக் கூஜாவில் தூக்கிக்கொண்டு வந்து விற்பார்கள். பாதி குடிப்பதற்குள் உட்கார்ந்த இடம் நனைந்தது. எழுந்தோம். கணுக்கால். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தோம், நனைந்த முடிச்சு வரவில்லை. முழங்கால். அப்போதும் நான் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அது மாறவே இல்லை.

அப்புறம்தான் நான் முதலில் சொன்னது. இடுப்பளவுத் தண்ணீரில் தலையைக் குனிந்து நின்றோம். ஜுமா தண்ணீரில் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு கையாக எங்கள் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப்போனார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், ஒவ்வொருவராக வந்து "போலே, போலே" என்றார்கள்.

சுவரில் உட்கார்ந்த மதியம்

கரைச்சுவரில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் கல்லுக்காக. சாகுல் அண்ணன் எனக்காக முதலாளியிடம் கொடுத்த வாக்குக்காக. ஜுமா அவர் வண்டிக்காக.

ஜுமா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பி வரும் என்று அதற்கு அர்த்தம் என்றார் சாகுல் அண்ணன்.

"கடலுக்குள்ள போன இரும்பு எப்படிண்ணே திரும்பி வரும்?"

"இரும்பு வராது. கடல் போயிரும்ங்கான்."

எனக்கு நம்பிக்கை இல்லை. நம் அருவியில் ஒரு செருப்பு போனால்கூடத் திரும்பி வந்தது கிடையாது. சிற்றாற்றோடு போனது போனதுதான்.

நடுவில் முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். கல் எங்கே என்று கேட்டார். சாகுல் அண்ணன் கடலைக் காட்டினார். முதலாளி கடலைப் பார்த்தார், எங்கள் ஈரச் சட்டையைப் பார்த்தார், மறுபடியும் கடலைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாளைச் சாயங்காலம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். திட்டியிருந்தால் தேவலை.

வெயில் சாய்ந்தது. தண்ணீர் சுவர் விளிம்புவரை ஏறியிருந்தது. பையன்கள் சுவரிலிருந்து ஓடி ஓடித் தலைகீழாகக் குதித்தார்கள். அவர்கள் குதித்த தண்ணீருக்கு அடியில் எங்கேயோ என் கல் கிடந்தது.

அந்த நேரத்தில் உலகம்மாள் கூப்பிட்டாள்.

"கல்லு எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு. கடலுக்குள்ள கெடக்கு."

"என்னது?"

நடந்ததைச் சொன்னேன். நாட்டு நடப்பு தெரியாமல் இப்படிக் கோட்டை விட்டீர்களே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அப்பம் கல்லு போயிட்டா?" என்றாள்.

"போன மாதிரிதான்."

"அப்பம் வந்துருவியளா?"

பிள்ளைகளே, அந்தக் குரலை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு கேட்கிற குரல் அது. சந்தோஷப்பட்டால் நான் வருத்தப்படுவேனோ என்று அவளுக்குப் பயம்.

"பாப்போம்" என்றேன்.

"எங்கம்மைட்ட சொல்லட்டா?"

"இப்பம் சொல்லாத. பொறு."

போனை வைத்த பிறகு நானும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கல் போகட்டும் என்று தோன்றியது. ஊருக்குப் போய்ப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது கடையில் நிற்கலாம், சீசனில் குற்றாலம் இருக்கிறது, பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நிற்கலாம். அப்படியே கொஞ்ச நேரம் மனசால் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி வீடுவரை நடந்தே போய்விட்டேன். அப்புறம் இடிந்த கடையின் சிமெண்டுத் தரை ஞாபகம் வந்தது. அதற்குமேல் நடக்க முடியவில்லை.

சாகுல் அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னல யோசிக்க?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"எனக்கும் மூணு புள்ளைய. மூணும் பொறக்கும்போது நான் இங்கனதான் கெடந்தேன்" என்றார்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள்

சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் சுவரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பிறை பார்க்க வந்தவர்கள். வெள்ளை அங்கி போட்ட ஆண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள், கரும்புச்சாறு விற்கிறவர், குதித்து முடித்துத் தலை துவட்டாத பையன்கள். எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி மேற்கே பார்த்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் மட்டும் கீழே பார்த்தோம்.

தண்ணீர் வந்த மாதிரியே போய்க்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. சுவரில் ஈரக்கோடு இறங்கிக்கொண்டே போனது. முதலில் படகுகளின் நங்கூரக் கயிறு தொய்ந்தது. அப்புறம் ஒரு படகு மெல்லச் சாய்ந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை. வராது என்று நினைத்தேன். வர வேண்டாம் என்றும் நினைத்தேன். எது முன்னால், எது பின்னால் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜுமா என் முழங்கையைப் பிடித்தார்.

தண்ணீருக்கு மேலே வண்டியின் கைப்பிடி இரண்டு விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

அதே நேரத்தில் கூட்டத்தில் யாரோ பிறையைக் கண்டுவிட்டார்கள். சுவர் முழுக்க ஒரே சத்தம். அல்லாஹு அக்பர் என்றார்கள், பிள்ளைகள் கத்தினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். சாகுல் அண்ணன் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஏலே மாரி, ரெண்டும் வந்துட்டுல!" என்று என் முதுகில் அடித்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

கூட்டத்திலேயே ஆள் கிடைத்தார்கள். மறுநாள் நோன்பு என்ற உற்சாகத்தில் பத்துப் பேர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பலகை போட்டு, வண்டியோடு கல்லைக் கரைக்குத் தூக்கிவிட்டார்கள். சாக்கைப் பிரித்தேன். தென்காசியில் பூசி அனுப்பிய மஞ்சள் குங்குமத்தைக் கடல் துடைத்து எடுத்திருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள், எனக்குக் கை கொடுத்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜுமா கை கொடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு, மெல்ல, "போலே" என்றார்.

கல் கிடைத்தவனிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா? அவர் சொன்னார். அவரிடம் நான் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசவும் எனக்கு அவர் பாஷை தெரியாது.

ஊரில் அப்போது சாப்பாட்டு நேரம் கழிந்திருக்கும். நானே கூப்பிட்டேன்.

"கல்லு வந்துட்டு" என்றேன்.

ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. நல்லதுதான்" என்றாள் உலகம்மாள். அப்புறம், "சாப்பிட்டியளா?" என்றாள்.

குழலிக்கு

மறுநாள் முழுக்கக் கல்லைத் தேய்த்தேன். தேங்காய் நார், புளி, அப்புறம் வெங்காயத்தை வெட்டி எண்ணெய் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, சூடு காட்டி, மறுபடியும் தேய்த்து. உப்பு அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. கல்லில் முதலில் போடுகிற பரோட்டாவை விற்கக் கூடாது என்பது எங்கள் செங்கோட்டை ரோட்டு வழக்கம். அதைப் பிய்த்துப் பின்பக்கச் சுவரில் வைத்தேன். நம்மூர்க் காக்காய்தான் அங்கேயும். எப்போதோ யாரோ கொண்டுபோய் விட்டதாம். வந்து தின்றுவிட்டுப் போனது. சாயங்காலம் பாங்கு சொல்லி நோன்பு திறந்ததும் கூட்டம் வந்தது. முதலாளி வாசலில் நின்று சிரித்தார். நான் தலை நிமிரவில்லை, நிமிர நேரமில்லை.

நீ பிறந்தது பெருநாள் முடிந்து சில நாள் கழித்து, குழலி. கடையில் கூட்டம் நெரிகிற சாயங்காலம். போன் சாகுல் அண்ணனிடம் இருந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் ஓடி வந்தார். "ஏலே மாரி, பொம்பளப் புள்ளல!"

கல் நிறையப் பரோட்டா கிடந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டேன். அதற்கப்புறம்தான் கையைத் துடைத்துப் போனை வாங்கினேன். உன் அழுகை கேட்டது.

நான் திரும்பி வரும்போது நீ ஓடித் திரிகிற பிள்ளை. என்னைப் பார்த்ததும் உன் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். உன்னை வெளியே வரவைக்க ஒரு வாரம் நான் பட்ட பாட்டை இன்னொரு நாள்தான் எழுத வேண்டும். கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போது அதற்கு முன்னால் ஜுமா நிற்கிறாராம். நன்றாக வீசுகிறாராம்.

இவ்வளவையும் ஞாயிற்றுக்கிழமை தைலம் தேய்க்கிற நேரத்தில் சொல்லி முடித்தேன். அடுப்படியிலிருந்து உலகம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"பாத்தியாட்டி, ஒன்ன விட ஒங்கப்பாவுக்குப் பரோட்டாதான் முக்கியமாப் போயிட்டு. திருப்பிப் போட்டுட்டுத்தான் போன வாங்கினாவளாம்."

குழலி கையை எடுக்கவில்லை. வலிக்கிற இடத்தை எப்படியோ கண்டுபிடித்து, அங்கேயே கட்டை விரலை வைத்து அழுத்தினாள்.

"திருப்பாம விட்டாக் கருகிரும்லாம்மா" என்றாள்.